சடக்கில் நின்ற என் கார்

1

கார் கம்பெனியின் மின்னஞ்சல் வந்த அன்று நான் சென்னைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. எனக்கு அது நினைவில் இல்லை. மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து தம்பி காலையில் அனுப்பிய செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது. "பன்னெண்டு வருசம் ஆச்சு. மெட்ராஸ்காரி ஆயிட்டியா இல்லியா?" என்று கேட்டிருந்தான். எப்போதோ ஆகிவிட்டேன் என்று பதில் போட்டேன். பத்து நிமிடம் கழித்து மின்னஞ்சலைத் திறந்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் இங்கே பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை வராமல் போனவர்கள் என்று மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கம் தினமும் ஐந்தாறு வீடுகளுக்குப் போகிறேன். பஸ்ஸில் போனால் மூன்று வீட்டுக்கு மேல் முடியாது. அதனால் ஒரு சின்னக் கார். நம்மூரில் ஒன்பது வருடக் கடன் போட்டு காடி வாங்குவோம். கடன் முடிவதற்குள் காடியே முடிந்துவிடும். இங்கே நான் எடுத்தது குத்தகைக் கார். மூன்று வருடம் மாத வாடகை கட்ட வேண்டும். கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டும்போது இயல்பாக வரும் தேய்மானத்துக்கு எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் சேதம் இருந்தால் நாம் கட்டிய முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு வந்ததே வேறொருவர் எட்டு மாதம் ஓட்டித் திருப்பிய கார்தான். வாடகை குறைவு என்று எடுத்தேன்.

திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து காரைச் சோதித்துவிட்டுப் போனார். அந்தச் சோதனையின் அறிக்கைதான் மின்னஞ்சலில் வந்திருந்தது. மூன்று குறைகள் எழுதியிருந்தார்கள். பின் இருக்கையில் எண்ணெய்க் கறை என்பது முதலாவது. இடதுபக்கப் பின் கதவில் கீறல்கள், தவறான முறையில் துடைத்ததால் ஏற்பட்டவை என்பது இரண்டாவது. மூன்றாவதைப் படிக்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முன் பம்பரில் விபத்துச் சேதம். திடீரென்று பிரேக் அடித்தபோது உரசியதாக வாடிக்கையாளரே தெரிவித்தார். விபத்தை உரிய காலத்தில் கம்பெனிக்குச் சொல்லாதது ஒப்பந்த மீறல். எனவே முன்பணம் முழுவதும் பிடித்தம். அடுத்த காருக்கு நான் கொடுத்திருந்த விண்ணப்பமும் அதே காரணத்தால் தள்ளுபடி. எல்லாவற்றுக்கும் கீழே, நான் விரலால் போட்ட என் கையெழுத்து.

மூன்று வருடத்தில் நான் எதன் மீதும் மோதியதில்லை. மோதினேன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

2

சோதனைக்கு வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் டேப்லட்டோடு காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நடுவில் இரண்டு தடவை அவருக்குப் போன் வந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று புரிந்தது. என் மகள் கயல் என் பக்கத்தில்தான் நின்றாள். டியூஷனுக்குக் கிளம்பியிருந்தாள், அவளுடைய தோழி சைக்கிளோடு வாசல் கேட் அருகில் காத்திருந்தாள்.

முன் பம்பரின் ஓரத்தில் ஒரு சிறு உரசல் இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எப்டி ஆச்சு மேடம்?" என்று கேட்டார்.

"சடக்குல நிறுத்துனப்ப யாரோ மோட்டார்ல ஒரசிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டி, ஏதோ முணுமுணுத்தபடி டேப்லட்டில் தட்டினார். நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க" என்றேன். கடைசியில் டேப்லட்டை நீட்டினார். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நோயாளிகளிடம் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்கிறவள் நான்.

மின்னஞ்சல் வந்த அன்றே கம்பெனிக்குப் போன் செய்தேன். மேலாளர் பேசினார். குரலில் மரியாதை இருந்தது.

"மேடம், நீங்க சொன்னதத்தான் அவர் டைப் பண்ணியிருக்கார். சடக்குனு நிறுத்துனப்ப ஒரசிடுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. அதுக்குக் கீழ சைன் போட்டிருக்கீங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சடக்குனு இல்லைங்க. சடக்குல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்லைங்க. சடக்குன்னா ரோடு. நான் ரோட்டுல நிறுத்திட்டு வீட்டுக்குள்ள இருந்தேன். காடியில ஆளே இல்ல."

அவர், "ரோடுன்னா ரோடுன்னு சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

3

சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சடக்கு என்றால் சாலை என்பதை நம்மூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பிங்கில் எங்கள் வீடு சடக்கு ஓரத்தில் இருந்தது. சடக்கைப் பார்த்துத் தாண்டு என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லி அனுப்புவாள். அப்பாவின் காடிக்கு அடித்தட்டில் துரு பிடித்து இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. மழைக்காலத்தில் பள்ளம் வந்தால் நானும் தம்பியும் காலைத் தூக்கிக்கொள்வோம். இல்லாவிட்டால் சடக்குத் தண்ணீர் பாவாடை வரைக்கும் அடிக்கும். அதை யாரும் சேதம் என்று சொன்னதில்லை. தைப்பிங்கில் மழை பெய்யும், காடி துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

இங்கே சடக்கு என்றால் யாருக்கும் சாலை தோன்றாது. சட்டென்று, எதிர்பாராமல் என்றுதான் காதில் விழுகிறது. மோட்டார் என்றால் நமக்கு மோட்டார்சைக்கிள். இவர்களுக்கு மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற இயந்திரம். வந்த புதிதில் எங்கள் தெருவில் கார் துடைக்கும் கோமதியிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலையில் யாரைப் பார்த்தாலும் நாம் கேட்பதுதானே. அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாக்கா, சோத்துக்கு இல்லாம கைய ஏந்திக்கினு வந்த மாதிரி கேக்கற?" என்றாள். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு கார் துடைத்துவிட்டாள்.

என் கணவர் சுந்தர் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு என் பேச்சு பழகிவிட்டது. கயலுக்குத்தான் பழகவில்லை, அல்லது பழகியது பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை. இப்போது பதினான்கு வயது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்னைப் போலத்தான் பேசினாள். பள்ளியில் சிரித்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் வந்து, "மா, ரோடுன்னு சொல்லு. காடின்னு சொல்லாத" என்றாள். அதற்கு அடுத்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "அங்க இங்கிலீஷ்லயே பேசுமா, ப்ளீஸ்" என்றாள். நான் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டு வந்தேன். அவள் ஆசிரியையின் தமிழ் அழகான தமிழ். அதைக் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொல்வது வாயில் மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது.

4

அன்று மாலை மேலாளரே திரும்பக் கூப்பிட்டார். உதவி செய்கிற குரலில்தான் பேசினார்.

"பம்பருக்கு ஒண்ணும் பண்ண முடியாது மேடம், ஸ்டேட்மென்ட் இருக்கு. ஆனா கதவு ஸ்கிராட்ச்சுக்கு ஒரு வழி இருக்கு. வண்டி தொடைக்கற ஆள் யாராவது இருப்பாங்க இல்ல? அவங்க பேர், போன் நம்பர் எழுதி ஒரு லெட்டர் குடுங்க. மூணாவது ஆளால வந்த டேமேஜ்னு போட்டுடலாம். உங்க கணக்குல வராது."

"யார் கணக்குல வரும்?"

"அவங்ககிட்ட நாங்க பேசிக்கறோம் மேடம்."

"என்னன்னு பேசுவீங்க?"

"அதெல்லாம் நீங்க கவலப்படாதீங்க."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க எதுவும் இல்லை. கோமதி முன்பு அடையாற்றின் கரையில் குடியிருந்தவள். அங்கிருந்த வீடுகளை இடித்த பிறகு ஊருக்கு வெளியே செம்மஞ்சேரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, எங்கள் தெருவில் ஏழு கார் துடைத்துவிட்டு, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புவாள். அவள் போனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரு முழுக்கப் பேச்சாகும். ஏழு கார் மூன்றாகும்.

சுந்தரிடம் சொன்னேன். அவர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"கதவ விடு. கோமதி பேரெல்லாம் குடுக்க வேணாம். பணத்த எடுத்துக்கட்டும், தொலையட்டும். இதுக்காக எத்தன நாள் அலைவ? ஒவ்வொரு நாளும் பேஷன்ட் போவுது உனக்கு."

"பணம் போனாப் போவுதுங்க. நான் மோதுனேன்னு எழுதி, அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. நாளைக்கு வேற எங்க காடி கேட்டாலும் இதத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

"அவன்தான் மாத்த முடியாதுங்கறானே."

"எழுதுனது அவங்கதானே. எழுதுன கைக்கு அழிக்கத் தெரியாதா?"

அறைக்குள்ளிருந்து கயல் எட்டிப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். எப்போதும் போல என் கத்தலைக் கேட்க முடியாமல் போகிறாள் என்று நினைத்தேன்.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். பதினாறு பக்கம். மூன்று வருடத்துக்கு முன் நான் படிக்காத பதினாறு பக்கம். பதினான்காம் பக்கத்தில் எது இயல்பான தேய்மானம், எது சேதம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். விபத்தால் அல்லாத, இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட உரசல் இயல்பான தேய்மானம். கார் கைமாறும்போதே இருந்த குறைகளுக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. இருக்கையில் துடைத்துப் போகாத கறை சேதம். கடைசி வரியின் பக்கத்தில் பென்சிலால் ‘சரி’ என்று எழுதினேன். அந்தக் கறை என் தைலப் பாட்டில் கவிழ்ந்ததால் வந்தது. அதை நான்தான் கட்ட வேண்டும்.

5

மறுநாள் காலை, நோயாளிகளின் முழங்கால் வீக்கத்தை அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கார் இன்னும் என்னிடம்தான் இருந்தது; ஒப்படைக்க நான்கு நாள் மிச்சம். பம்பர் முன்னால் குந்தி உட்கார்ந்து அளந்தேன். ஒன்றரை அங்குலம். மூன்று தடவை அளந்தேன்.

கோமதி வாளியோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, காருக்குச் சட்ட தெக்கப் போறியா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் கேட்டதையும் சொன்னேன். மறைத்து வைத்து அவள் வேறு வழியில் கேள்விப்படுவது நல்லதில்லை என்று தோன்றியது. அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்து முடித்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என் பேரக் குட்துட்டியாக்கா?"

"இல்ல. குடுக்க மாட்டேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"மின்ன பக்கத்துத் தெருவுல ஒர்த்தர் கார் தொடச்சிக்கினு இருந்தேன். கதவுல கோடு கீது, நீதான் போட்டன்னு ரெண்டு மாசச் சம்பளத்தப் புட்ச்சிக்கினார். அது மின்னாடியே இருந்த கோடு. நான் சொன்னா யார் நம்புவா? அத்தோட ஒரு முடிவு பண்ணேன். எந்தப் புது வண்டி வந்தாலும் கைய வெக்கறதுக்கு மின்ன நாலு பக்கமும் போட்டோ புட்ச்சிருவேன். போன் மாத்துனப்பகூட எல்லாத்தியும் எடுத்துக்கினு வந்தேன்."

விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். எத்தனையோ கார்கள். பேரன் என்று நினைக்கிறேன், நடுவில் ஒரு குழந்தையின் படங்கள். மறுபடி கார்கள். கடைசியில் என் கார் வந்தது. முன்னால் சாமந்தி மாலை தொங்கியது. டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிடந்தது. அதாவது கார் வந்த அன்று. அடுத்த படம் இடதுபக்கப் பின் கதவு. கைப்பிடிக்குக் கீழே வளைவாக நான்கு கீறல்கள். இன்றைக்கு அதே இடத்தில் இருக்கும் அதே நான்கு. எனக்குக் காரைக் கொடுத்தபோது மழை, கம்பெனியின் அடித்தளத்தில் வெளிச்சமும் இல்லை. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

"இத்தப் பாரு" என்று இன்னொரு படத்தைக் காட்டினாள். முன் பம்பர். உரசலில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி எடுத்திருந்தாள். "நீ அந்தப் பட்டினப்பாக்கத்து அம்மா வூட்டாண்ட நிறுத்திட்டு வந்தியே, அதுக்கு மறுநாள் காலைல எடுத்தது. யாரோ ஸ்கூட்டிக்காரன் ஒரசிக்கினு போயிருக்கான். எனக்கு பயம். நீ பாத்துட்டு நான்தான்னு சொல்லிருவியோன்னு."

அந்த நோயாளியின் வீட்டிலிருந்து வெளியே வந்தபோதே உரசலைப் பார்த்து, ரோட்டில் நிறுத்தினால் இப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். இவள் ஒரு வருடத்துக்கு மேலாக அதற்குச் சாட்சி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த படங்கள் அவை. தினமும் சிரித்துப் பேசிக்கொண்டே என் காரைத் துடைத்தவளுக்கு என்னைப் பற்றி இந்தப் பயமும் இருந்திருக்கிறது. அவள் பயந்ததில் தப்பு இல்லை. நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் எனக்கு அனுப்ப முடியுமா கோமதி? உங்க பேர் எங்கயும் வராது."

"பேர் வந்தா வரட்டும்" என்றாள். "நான் எடுத்த போட்டோதானே. திருடி எடுக்கலியே."

6

சனிக்கிழமை காரை ஒப்படைக்க வேண்டும். கம்பெனி அலுவலகம் ஆழ்வார்பேட்டையில், ஒரு வங்கிக்கு மேல் இரண்டாம் மாடி. லஸ் பக்கத்தில் ஒரு கடையில் படங்களை அச்சடித்துக்கொண்டேன். கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன். பதினான்காம் பக்கத்தின் நகலையும் சேர்த்து வைத்தேன். கிளம்பும்போது கயல் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்."

"எதுக்கு? உனக்கு அங்க போர் அடிக்கும்."

"வரேன்மா."

மேலாளர் எங்களை உட்காரச் சொன்னார். சோதனைக்கு வந்தவரையும் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். நான் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். கதவுப் படத்தைப் பார்த்ததும் மேலாளர் தங்கள் கணினியில் தேடினார். இதற்கு முன் காரை ஓட்டியவர் திருப்பிக் கொடுத்தபோது எடுத்த படங்கள் அவர்களிடமே இருந்தன. நான்கு கீறல்களும் அவற்றில் தெரிந்தன.

"ஓகே மேடம். கதவு எடுத்துடறோம்" என்றார்.

பம்பருக்கு வந்தோம். ஒன்றரை அங்குலம், நீலப் பெயின்ட், நிறுத்தியிருந்த கார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ரோடு என்றே சொன்னேன். அவர் பேனாவை மேசையில் தட்டினார்.

"படம் சரி மேடம். ஆனா உங்க ஸ்டேட்மென்ட் வேற மாதிரி இருக்கே. சைன் பண்ணின ரிப்போர்ட்ட நான் மாத்தினா எனக்கு மேல கேப்பாங்க. ஒண்ணு பண்றேன். பம்பருக்குப் பிடிக்கறதுல பாதி குறைச்சுடறேன். ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும். முடிச்சுக்கலாம்."

"முழுசா நீங்களே வெச்சுக்கங்க" என்றேன். "அந்த வரிய எடுங்க."

"புரியல மேடம்."

"காசு வேணாம். நான் மோதுனேன்னு எழுதியிருக்கற வரி இருக்கக் கூடாது. அது எடுக்கற வரைக்கும் நான் சாவியக் குடுக்கப் போறதில்ல. கீழ நிறுத்தியிருக்கேன், பாத்துக்கலாம்."

என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தால் என் தமிழ் இன்னும் தைப்பிங் ஆகிவிடும். பக்கத்து மேசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். கயல் நெளிவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

மேலாளர் அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் அம்மா பக்கத்துலதான் இருந்தேன். அம்மா சடக்குலன்னு சொன்னாங்க. எங்க வீட்ல சடக்குன்னா ரோடு. இந்த சார் இங்கிலீஷ்ல சடன் பிரேக்குன்னு டைப் பண்ணாரு. நான் ஸ்கிரீனப் பார்த்தேன். தப்புன்னு தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருக்கணும்." அவள் கைவிரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "என் ஃப்ரெண்ட் கேட்டாண்ட நின்னுட்டிருந்தா. சொன்னா அம்மா இன்னும் அந்த மாதிரியே பேசுவாங்க, அவளுக்குக் கேக்கும்னு பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா எழுதினது எங்கம்மா சொன்னது இல்ல."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

சுவரோரமாக நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டுதான். மேடம் மோட்டார்னு கூட ஏதோ சொன்னாங்க. எனக்குப் புரியல. கார் வண்டிக்கு எதுக்கு மோட்டார்னு நெனச்சேன். ரெண்டாவது தபா கேட்டிருக்கணும். அன்னைக்கு பதினோரு வண்டி சார். கேக்கல."

மேலாளர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வெய்ட் பண்ணுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டேப்லட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

7

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கயல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவேன் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தைப்பிங் பதிவு இலாகாவின் நீளமான பெஞ்சு ஞாபகம் வந்தது.

தம்பியின் பெயர் இளங்கோ. பிறப்புப் பத்திரத்தில் அதை இலாங்கோ என்று பதிந்திருந்தார்கள். பள்ளிப் பரீட்சைக்கு முன் அதைத் திருத்த வேண்டும். அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். அம்மா பள்ளிக் கேண்டினில் சமைத்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு மலாய் சரியாக வராது. லீவு போட்டுவிட்டு நான்கு தடவை போனாள். கவுன்டருக்கு முன்னால் நின்று, "நாமா சாலா, துவான்" என்பாள். பெயர் தப்பு, ஐயா. அதற்கு மேல் சொல்ல அவளிடம் மலாய் இல்லை. அவர் ஏதாவது கேட்பார். அவள் பத்திரத்தில் விரலை வைத்து, மறுபடி அதையே சொல்வாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசித் தடவை நானும் போயிருந்தேன். எனக்குப் பதிமூன்று வயது. மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள். எழுந்து போய் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என் வகுப்புத்தோழியின் அப்பா உள்ளே வேலை பார்த்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, இவள் யாரோ என்பது போலச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே அன்று காரியத்தை முடித்தாள். வெளியே வந்து எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். இன்று வரைக்கும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த வருடம் அவளுக்கு எழுபத்திரண்டு. தம்பியோடுதான் இருக்கிறாள். சொல்ல வேண்டும்.

கயல் இன்று பேசிய மாதிரி நான் அன்று பேசவில்லை. நான் எழுந்து நிற்கவே இல்லை. அதனால் அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மேலாளர் புதிய அறிக்கையோடு வந்தார். பம்பர் என்ற இடத்தில், நிறுத்தியிருந்தபோது ஏற்பட்ட சிறு உரசல், இயல்பான தேய்மானம் என்று இருந்தது. கதவு பற்றிய வரியே இல்லை. இருக்கைக் கறை மட்டும் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் இன்னும் மெதுவாகப் படித்தேன். பழைய அறிக்கை ரத்து செய்யப்பட்டது என்று அதிலேயே எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். அடுத்த காருக்கான விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

"அப்ப சீட்டுக்குப் பிடிச்சுக்கலாமா மேடம்?"

"பிடிச்சுக்கங்க. அது நான் கொட்டுனது."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தேன். சோதனைக்கு வந்தவர் படி வரைக்கும் கூட வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார். அவர் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை கோமதியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

தெருவில் இறங்கியதும் கயல்தான் ஆட்டோவை நிறுத்தினாள். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கேட்டு, "இன்னா நைனா, ஏர்போர்ட்டுக்கா போறோம்?" என்று பேரம் பேசி இறக்கினாள். அந்தப் பேச்சு எனக்கு வராது. ஏறி உட்கார்ந்தோம். சிக்னலில் நின்றபோது, மத்தியானம் என்ன சமைப்பது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க? பேச்சே வேற மாரி கீதே. சிலோனா?"

வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது இதைக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். மலேசியா என்றால் அடுத்து பத்து கேள்வி வரும்; எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ஆட்டோக்காரர்களுக்கு நான் சிலோன்காரியாக இருந்திருக்கிறேன் என்று தெரியாது.

"இல்லைங்க" என்றேன். "மலேசியா. தைப்பிங்."

"அது எங்க கீது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கயல், "பினாங்குலேந்து ஒன்றரை மணி நேரம்" என்றாள்.

"நீ போயிக்கிறியா பாப்பா?"

"நான் பொறந்ததே அங்கதான்" என்றாள் கயல்.

அவள் இதை ஒருவரிடம் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. சிக்னல் விழுந்தது. ஆட்டோக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டார். வீடு வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனோம்.